எலக்ட்ரானை எண்ணிப் பழகுங்கள்: நீட் தேர்வுக்கு உயிர்வேதியியலைத் தனியாகப் படிப்பது

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்த கேள்வி இது. பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றையும் முதன்மைப் பாடமாக எடுத்து நவம்பரில் எழுதி முடித்துவிட்டார். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்க ஆசை, அதற்கு மே மாதம் நீட் எழுத வேண்டும். இயற்பியலுக்கு லெசன் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது, உயிர்வேதியியலுக்கு யாரும் கிடைக்கவில்லை. செல் குளுக்கோஸை உடைக்கும் பாதையான கிளைக்காலிசிஸின் படத்தைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்து பார்த்திருக்கிறார். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிட்டதாம். தனியாகப் படித்து முடிக்க முடியுமா, எங்கே ஆரம்பிப்பது, எதை விட்டுவிடலாம் என்று கேட்கிறார்.

முடியும், தங்கச்சி. சொல்லப்போனால் மூன்று பாடங்களிலும் ஆசிரியர் இல்லாமல் படிக்க ஏற்றது இதுதான். நான் தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் படித்துவிட்டு இங்கே ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். உங்களைப் போன்ற பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் எல்லோரும் நீங்கள் தொடங்கிய இடத்தில்தான் தொடங்கியிருப்பார்கள்: பத்துப் படிகள், பத்து நொதிகள், சுவரில் ஒரு படம். காரணம் தெரியாமல் பெயரை மட்டும் ஏற்றினால் அது தங்காது. பெயர்களுக்குப் பின்னால் நடப்பது இரண்டே விஷயம். எது எங்கே மின்னூட்டத்தோடு இருக்கிறது என்பது ஒன்று. எலக்ட்ரான் யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பெயர்கள் தானாகவே இடம் பிடித்து உட்காரும்.

முதலில் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். அதில் பாதி, அதாவது 90 கேள்விகளும் 360 மதிப்பெண்களும், உயிரியலுக்கு. சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 குறையும். உயிர்வேதியியல் என்று தனிப் பகுதி கிடையாது. உயிரி மூலக்கூறுகள், ஒளிச்சேர்க்கை, தாவரங்களின் சுவாசம், மரபின் மூலக்கூறு அடிப்படை என்று உயிரியலில் பல பாடங்களில் சிதறிக் கிடக்கும். வேதியியலிலும் உயிரி மூலக்கூறுகள் என்று ஒரு பாடம் மறுபடி வரும். ஒரே உழைப்பு இரண்டு பாடத்துக்கும் உதவும்.

கேம்பிரிட்ஜ் முறையில் படித்த உங்களுக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. ஏன் என்று விளக்கி எழுத உங்களைப் பழக்கியிருக்கிறார்கள், அது பெரிய பலம். ஆனால் நீட் விளக்கம் கேட்காது. இந்தியப் பள்ளிப் பாடநூலான என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் ஒரு வரியை எடுத்து, அதில் ஒரு சொல்லை மாற்றி, சரியா தவறா என்று கேட்கும். அதனால் புரிந்துகொள்வதை உங்கள் வழியில் செய்யுங்கள், கடைசி இரண்டு மாதம் அந்தப் புத்தகத்தை வரி விடாமல் வாசியுங்கள். வரிசையை மாற்றி முதலிலேயே வரிகளை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால், சுவர்ப் படத்துக்கு ஆன கதிதான் அதற்கும் ஆகும்.

தொடங்க வேண்டிய இடம் அமினோ அமிலங்கள். இருபதும் வேண்டும், தயங்க வேண்டாம். ஆனால் அகர வரிசையில் படிக்காதீர்கள். இரத்தத்தின் பி.எச். 7.4. அந்த இடத்தில் பக்கச் சங்கிலி எப்படி இருக்கும் என்று பார்த்துப் பிரியுங்கள். அஸ்பார்டிக், குளூட்டாமிக் இரண்டும் எதிர் மின்னூட்டம். லைசினும் ஆர்ஜினினும் நேர் மின்னூட்டம். ஹிஸ்டிடினின் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை விட்டிருக்கும் பி.எச்.) ஏறக்குறைய 6, உடலின் பி.எச்.சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் அதற்கு எளிது. பல நொதிகளின் செயல் மையத்தில் அது உட்கார்ந்திருப்பதன் காரணம் அதுதான். வேலின், லியூசின், ஐசோலியூசின், ஃபீனைல் அலனின் போன்றவை தண்ணீரை விரும்பாதவை, புரதம் மடங்கும்போது உள்ளே ஒதுங்கும். கிளைசினுக்குக் கைரல் கார்பன் இல்லை. சிஸ்டீன் இரண்டு சேர்ந்தால் டைசல்ஃபைடு பிணைப்பு.

இவ்வளவு தெரிந்தவுடன் அரிவாள் செல் இரத்தச்சோகையைக் கையில் எடுங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். பாடப்புத்தகத்தில் அது ஒரே வரி. ஆனால் எதிர் மின்னூட்டத்தோடு தண்ணீரைப் பார்த்து நின்ற இடத்தில் இப்போது தண்ணீரை விரும்பாத ஒன்று நிற்கிறது. ஆக்சிஜனை இறக்கிய பின் அந்த ஒட்டும் இடத்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழையாகின்றன, செல் வளைகிறது. ஆய்வுக்கூடத்தில் காரக் கரைசலில் மின்புலம் கொடுத்து ஹீமோகுளோபின்களைப் பிரிப்போம். அப்போது இந்த மாறிய வகை நேர்முனையை நோக்கி மெதுவாகப் போகும். ஏன் என்று விடையைப் பார்க்காமல் சொல்ல முடிந்தால், அமினோ அமிலப் பாடம் உங்களுக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து நொதிகள். இங்கே பலர் வரைபடத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள், தேவையில்லை. வேகம் உச்சத்தில் பாதியை எட்ட எவ்வளவு தளப்பொருள் (நொதி பிடித்து மாற்றும் பொருள்) வேண்டும் என்பதுதான் கே.எம். மதிப்பு. 1913-ல் மைக்கேலிஸும் மென்டனும் தந்தது. அது குறைவு என்றால் நொதி கொஞ்சம் கிடைத்தாலே பிடித்துக்கொள்ளும். நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். குளுக்கோஸில் பாஸ்பேட்டை ஒட்டும் வேலையைத் தசையில் ஹெக்சோகைனேஸ் செய்கிறது, அதன் கே.எம். லிட்டருக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமோல். கல்லீரலில் அதே வேலையைச் செய்யும் குளுக்கோகைனேஸுக்கோ அது 10 மில்லிமோலுக்குப் பக்கம். வெறும் வயிற்றில் இரத்தக் குளுக்கோஸ் 5 மில்லிமோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தசை நொதி அப்போதே முழு வேகத்தில் ஓடுகிறது. கல்லீரல் நொதி பொறுமையாக இருந்து, சாப்பிட்ட பின் குளுக்கோஸ் ஏறும்போது வேகம் கூடுகிறது. மிஞ்சியதைச் சேமிப்பது கல்லீரலின் வேலை என்பதால் அந்தப் பொறுமைக்குப் பொருள் இருக்கிறது. மொரிஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. வெறும் வயிற்றில் 7 அல்லது அதற்கு மேல் என்று அச்சாகிவரும் அறிக்கை உங்கள் வீட்டிலேயே யாரிடமாவது இருக்கும். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படியுங்கள்.

தடுப்பான்களில் போட்டித் தடுப்பான் கே.எம். மதிப்பைக் கூட்டும், உச்ச வேகத்தைத் தொடாது. தளப்பொருளை நிறையக் கொட்டினால் அது தோற்றுவிடும். சக்சினேட் டீஹைட்ரஜனேஸை மாலனேட் தடுப்பது நீட்டுக்கு வேண்டிய உதாரணம். மெத்தனால் குடித்துவிட்டவருக்கு எத்தனால் கொடுப்பதும், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின் கொடுப்பதும் அதே தத்துவம்தான்.

இனி உங்களைப் பயமுறுத்திய இடத்துக்கு வருவோம். வளர்சிதை மாற்றப் பாதைகளைப் படிக்க நான் சொல்லும் வழி எலக்ட்ரான் கணக்கு. நொதிப் பெயர்களை ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா.

குளுக்கோஸ் எரிவதற்கு ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு தண்ணீராக மாற நான்கு எலக்ட்ரான்களை வாங்கும். அப்படியென்றால் ஒரு குளுக்கோஸ் கொடுக்கும் எலக்ட்ரான்கள் 24, அதாவது 12 ஜோடி. என்.ஏ.டி.எச். ஒன்று ஒரு ஜோடியைச் சுமக்கும், எஃப்.ஏ.டி.எச்.2 ஒன்றும் ஒரு ஜோடியைச் சுமக்கும். எனவே பாதை முழுவதிலும் இந்தச் சுமைதூக்கிகள் மொத்தம் 12 வந்தே ஆக வேண்டும். எண்ணிப் பாருங்கள். கிளைக்காலிசிஸில் 2 என்.ஏ.டி.எச். அதன் முடிவில் வரும் பைருவேட் அசிட்டைல் கோ-ஏ ஆகும்போது 2. அதை எரித்து முடிக்கும் கிரெப்ஸ் சுழற்சி இரண்டு முறை சுற்றும்போது 6 என்.ஏ.டி.எச்., 2 எஃப்.ஏ.டி.எச்.2. கூட்டினால் 12. வரவும் செலவும் கடைசிப் பைசா வரை ஒத்துப்போகிறது.

இது வெறும் அழகுக்காக இல்லை. தேர்வில் எந்தப் படியில் என்ன உருவாகும் என்று சந்தேகம் வந்தால் இந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் எண்ணிக்கையும் இதிலிருந்தே வரும். 10 என்.ஏ.டி.எச். ஒவ்வொன்றுக்கும் 3, 2 எஃப்.ஏ.டி.எச்.2 ஒவ்வொன்றுக்கும் 2, நேரடியாகக் கிடைப்பது 4 என்று பழைய புத்தகங்கள் போடும் கணக்கில் 38. இப்போதைய கல்லூரிப் புத்தகங்கள் 2.5, 1.5 என்று வைத்து 32 என்கின்றன. சைட்டோசோலில் உண்டான என்.ஏ.டி.எச்.சின் எலக்ட்ரானை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எந்த வழியாகக் கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்து 36 அல்லது 30 ஆகவும் குறையும். நான்கு எண்களும் ஒரே கணக்கின் நான்கு வடிவங்கள். என்.சி.இ.ஆர்.டி.யில் 38 என்று வரும், உங்கள் கையிலுள்ள பதிப்பில் ஒருமுறை பார்த்துக்கொண்டு நீட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொழுப்பு. பால்மிடிக் அமிலம், 16 கார்பன். எரிக்க 23 ஆக்சிஜன் வேண்டும், அதாவது 92 எலக்ட்ரான், 46 ஜோடி. பீட்டா ஆக்சிஜனேற்றம் ஏழு சுற்று: 7 என்.ஏ.டி.எச்., 7 எஃப்.ஏ.டி.எச்.2. எட்டு அசிட்டைல் கோ-ஏ கிரெப்ஸ் சுழற்சியில் 24-ம் 8-ம் தரும். மொத்தம் 46. முதல் தடவை இது சரியாக வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் உங்களுக்கும் வர வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன், தயவுசெய்து படிப்பதோடு நிறுத்தாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். குளுக்கோஸில் ஒரு கார்பனுக்கு 4 எலக்ட்ரான், பால்மிடிக் அமிலத்தில் 5.75. கொழுப்பில் ஏன் கிராமுக்கு 9 கிலோகலோரி, சர்க்கரையில் 4 மட்டும் என்பதற்கு முக்கியக் காரணம் அங்கே இருக்கிறது. 16 கார்பன் டை ஆக்சைடை 23 ஆக்சிஜனால் வகுத்தால் 0.7. சுவாச ஈவு என்று நீட் கேட்கும் எண் இதுதான். புத்தகத்தில் டிரைபால்மிட்டினுக்கு 102-ஐ 145-ஆல் வகுத்து அதே 0.7-ஐக் காட்டியிருப்பார்கள்.

இந்த 24 எலக்ட்ரான் குளுக்கோஸுக்குள் எப்படிப் போயிற்று? ரோஸ் ஹில்லிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சற்று நேரத்தில் கரும்புத் தோட்டம் வந்துவிடும், பதில் அங்கே நிற்கிறது. ஒளிச்சேர்க்கையில் 12 தண்ணீர் மூலக்கூறுகள் பிளந்து 24 எலக்ட்ரான் கிடைக்கிறது, அவற்றை 12 என்.ஏ.டி.பி.எச். சுமந்துவந்து சேர்க்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு 18 ஏடிபி, 12 என்.ஏ.டி.பி.எச். என்ற எண்களை இனி மறக்க மாட்டீர்கள். கரும்பு சி4 தாவரம். முதலில் உருவாவது நான்கு கார்பன் ஆக்சலோஅசிட்டேட், பிடிப்பது பி.இ.பி. கார்பாக்சிலேஸ், கற்றைஉறைச் செல்களில் கிரான்ஸ் அமைப்பு. கார்பன் டை ஆக்சைடைச் செறிவாக்கும் இந்த வேலைக்கு அது கூடுதலாக ஏடிபி செலவழிப்பதால் 18 என்பது 30 ஆகும். என்.ஏ.டி.பி.எச். அதே 12-தான். எலக்ட்ரான் கணக்கு மாறவில்லையே!

கரும்பு சேமிக்கும் சுக்ரோஸையும் விட்டுவிடாதீர்கள். குளுக்கோஸ், பிரக்டோஸ் இரண்டின் அனோமெரிக் கார்பன்களும் (ஒடுக்கும் வேலையைச் செய்யக்கூடியவை) ஒன்றோடொன்று பிணைந்துவிட்டதால் அது ஒடுக்கும் சர்க்கரை ஆகாது. பெனடிக்ட் சோதனையில் நீலம் அப்படியே நிற்கும், அமிலத்தில் கொதிக்கவைத்த பின் செங்கல் நிறம் வரும். எச்.எஸ்.சி. செய்முறையில் நீங்கள் இதைச் செய்திருப்பீர்கள். நீட்டில் அதே விஷயம் ஒற்றை வரிக் கேள்வியாக வரும்.

கொழுப்பு அமிலங்களுக்கும் நம் தீவிலேயே நல்ல பாடம் இருக்கிறது. 1987-ல் ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதியாக இருந்த பாமாயிலை மாற்றி அரசு சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. 1987-லும் 1992-லும் நடந்த ஆய்வுகளை ஒப்பிட்டபோது மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம், ஆனால் எண்ணெய் மாற்றத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். பாமாயிலில் நிறைவுற்ற பால்மிடிக் அமிலம் அதிகம். சங்கிலி நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்கி உட்காரும், உருகுநிலை ஏறும். சோயாவில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம், சிஸ் இரட்டைப் பிணைப்பு சங்கிலியை வளைக்கும். 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகுகிறது. அதே 18 கார்பனில் ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு வந்த ஓலியிக் அமிலம் 13 டிகிரியில் உருகிவிடுகிறது.

இப்போது நொதிப் பெயர்களுக்குத் திரும்பலாம். கிளைக்காலிசிஸில் திரும்பி வராத மூன்று படிகளை முதலில் பிடியுங்கள்: ஹெக்சோகைனேஸ், பாஸ்போபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ். கட்டுப்பாடு அங்கேதான் இருக்கிறது. மற்ற ஏழும் நடுவே கோத்துக்கொள்ளும். ஒன்பதாவது படியான ஈனோலேஸுக்கு எங்கள் கூடத்தில் தினமும் மரியாதை உண்டு. குளுக்கோஸ் பார்க்க இரத்தம் எடுக்கும்போது சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, குழாயில் இருந்தாலும் கிளைக்காலிசிஸை ஓட்டிக் குளுக்கோஸைத் தின்றுகொண்டே லேக்டேட் ஆக்கும். அப்படியே விட்டால் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஃபுளோரைடு ஈனோலேஸை நிறுத்துகிறது.

ஆனால் ஒரு விஷயம்: ஃபுளோரைடு போட்ட பின்னும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குளுக்கோஸ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தடை விழுந்தது ஒன்பதாவது படியில், குளுக்கோஸைப் பிடிக்கும் ஹெக்சோகைனேஸ் முதல் படியில். மேலே இருக்கும் நொதிகள் கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் சில குழாய்களில் சிட்ரேட்டும் சேர்த்து அமிலமாக்கி முதல் படிகளையே தடுக்கிறார்கள். சுவரில் ஒட்டிய படத்தில் எந்தப் படி எதற்கு மேலே இருக்கிறது என்பது நோயாளியின் அறிக்கையில் எண்ணாக வந்து நிற்கிறது. இப்படி ஒரு காரணம் தெரிந்த நொதி மறக்காது.

படிக்கும் முறையில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். படித்ததை மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் வரையுங்கள், பிறகு திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி வரையுங்கள். அடிக்கோடு போட்டுக்கொண்டே வாசிப்பது படித்த மாதிரி ஒரு நினைப்பைத் தரும், தேர்வு அறையில் கை கொடுக்காது. காணொளிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வரைந்து பார்த்து எங்கே தடுக்கியது என்று தெரிந்த பிறகு அந்தப் பகுதியை மட்டும் பாருங்கள். முந்தைய ஆண்டுத் தாள்களை முதல் மாதத்திலிருந்தே பாடவாரியாகப் போடுங்கள். மதிப்பெண் குறையும் முறை உங்களுக்குப் புதிது என்பதால் எந்தக் கேள்வியை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கவும் பழக வேண்டும். நான்கு தெரிவுகளில் இரண்டை நிச்சயமாக நீக்க முடிந்தால் எழுதுங்கள், ஒன்றுமே நீக்க முடியாவிட்டால் தாண்டிப் போங்கள்.

விட்டுவிடலாம் என்று நான் துணிந்து சொல்வது: கொலஸ்ட்ரால் உற்பத்திப் பாதை, பியூரின், பிரிமிடின் உற்பத்தி, பென்டோஸ் பாஸ்பேட் பாதையின் நடுப்படிகள், ஹீம் உற்பத்தி. எல்லாம் எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டில் வந்து சேரும். பெரிய கல்லூரிப் புத்தகம் யாராவது கொடுத்தால் படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அமெரிக்காவின் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதும் எண்ணம் பின்னால் வந்தால் கதை வேறு. அங்கே உயிர்வேதியியலின் எடை மிக அதிகம், நொதி வேகவியலும் அமினோ அமிலமும் இன்னும் ஆழமாக வேண்டும். இப்போதைக்கு அது வேண்டாம்.

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. பகுதியை உங்கள் எச்.எஸ்.சி. படிப்பே பெரும்பாலும் மூடிவிடும், இந்தியப் புத்தகத்தின் உதாரணங்களை மட்டும் மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். நேரக் கணக்குப் போடும்போது தைப்பூசக் காவடி விரத நாட்களுக்கும் இடம் விடுங்கள், அந்த வாரத்தில் வீட்டில் யாரும் நிம்மதியாகப் படித்ததில்லை. எச்.எஸ்.சி. முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் அமினோ அமிலங்களை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். டிசம்பரில் அமினோ அமிலமும் நொதியும், ஜனவரி, பிப்ரவரியில் எலக்ட்ரான் கணக்கோடு சுவாசமும் ஒளிச்சேர்க்கையும், மார்ச் முதல் வரிவரியாக என்.சி.இ.ஆர்.டி.யும் தாள்களும் என்று வைத்துக்கொண்டால் மே மாதத்துக்குள் தாராளமாக முடியும்.